எந்தப் பாதி?

குழந்தைகளைத் தூங்க வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு இப்போது அதெல்லாம் உறைப்பதில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் காப்பகம் ஆரம்பித்ததிலிருந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் அத்தனை வாண்டுகளும் பாயில் வரிசையாகக் கட்டை மாதிரி கிடக்கும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பின்கட்டில் ஓடவிட்டு நாக்குத் தள்ள வைக்க வேண்டும். முகம் கழுவி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியை ஒரே வேகத்தில் சுற்றவிட வேண்டும். இருப்பதிலேயே பெரிய ரௌடி எவனோ, அவனை முதலில் சாய்க்க வேண்டும். தலைவன் விழுந்தால் படை தானாக விழும்.

எல்லாம் தூங்கிய பிறகு ஒரு படம் எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போடுவேன். அது எங்கள் வழக்கம். வேலையில் இருக்கும் அம்மாக்கள் அந்தப் படத்துக்காகக் காத்திருப்பார்கள். ஒருத்தி இதயம் போடுவாள். ஒருத்தி, "எங்க வீட்ல ஒரு நாளாச்சும் இப்படித் தூங்கியிருக்கானா, ராஸ்கல்" என்று புலம்புவாள். எனக்கு அதைப் படிக்கக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு எடுத்த படத்தில், பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் ஒரு பழுப்பு நிறப் பாட்டில் இருந்தது. இருமல் மருந்துப் பாட்டில். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ரோட்டுத் தூசியெல்லாம் அவர் நெஞ்சில்தான் குடியிருக்கும், அதனால் எங்கள் வீட்டில் காலி மருந்துப் பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. மூடி நன்றாக இறுகும் என்பதால் ஒன்றைக் கழுவி, அதில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் குச்சியில் தொட்டுக் குமிழி ஊதுவதற்கு. லேபிளைக் கிழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

செய்தியை முதலில் சொன்னவள் நர்ஸ். அவள் பையன் தவழும் வயதிலிருந்து என்னிடம் வளர்கிறான். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பதால் எங்களுக்கு அவன் தொப்பையார். ஆஸ்பத்திரியில் இருந்து போன் பண்ணினாள்.

"டீச்சர், எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல உங்க போட்டோ ஒண்ணு சுத்துது. நான் நம்பல. உங்க காதுக்கு வரணுமேன்னுதான் சொல்றேன்."

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒரு அம்மா, "எவ்ளோ சமத்தா தூங்குதுங்க பாருங்க" என்று பெருமையாக அந்தப் படத்தைத் தன் அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டிருக்கிறாள். கீழே ஒரு பெரியவர், எல்லாம் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டிருந்தால் பின்கட்டு, திரைச்சீலை, ரௌடி என்று விலாவாரியாகச் சொல்லியிருப்பேன். அடுத்தவர் பாட்டிலைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். அதற்கடுத்தவர், "மருந்து கொடுத்துத் தூங்க வைக்கும் காப்பகம், பெற்றோர்களே உஷார்" என்று தலைப்பு வைத்தார். சாயங்காலத்துக்குள் கேட்டவரையும் காணோம், கேள்வியையும் காணோம். பதில் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கை பாட்டுக்கு ஓடியது. பால் ஆற்றினேன், மூக்குத் துடைத்தேன், ஷூவை இடம் மாற்றிப் போட்டிருந்தவனுக்குச் சரியாக மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. எழுந்து நின்று உதறினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

பதறியவள் பெரியம்மாதான். ஒத்தாசைக்கு இருந்த அவளைப் பிள்ளைகள் எல்லாம் பெரியம்மா என்று கூப்பிடும், நானும் அப்படியே பழகிவிட்டேன். "எல்லாம் இந்தப் பாழாப்போன பாட்டிலாலதானே" என்று சோப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலைக் குப்பையில் வீசினாள். மறுநாள் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் சுற்றுகிற செய்தி உண்மையா பொய்யா என்று சோதித்துச் சொல்லும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. ஒரு படம் கையில் கிடைத்தால், எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, முதலில் போட்டவன் யார் என்று நோண்டி நோண்டிக் கண்டுபிடித்து, படத்தின் குறுக்கே ஒரு முத்திரை குத்தி வெளியிடுவார்கள். உண்மை என்றால் பச்சை. பொய் என்றால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் 'பாதி உண்மை' என்று ஒரு மஞ்சள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், எதையும் ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் யோசியுங்கள் என்று வகுப்பு வேறு எடுப்பான்.

எங்கள் குடும்ப குரூப்பில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். வைக்கக் காரணம் இருந்தது. வெந்நீரில் எல்லா வியாதியும் கரையும், நாளை முதல் எல்லாருடைய போனையும் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள், நிலாவில் யாரோ நடப்பது தெரிகிறது என்று எது வந்தாலும் என் வீட்டுக்காரர் அப்படியே தள்ளிவிடுவார். தம்பி சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அனுப்புவான். "மாப்ள, என் ஆயுசுல ஒரு பச்சையாவது போடுடா" என்பார் இவர். "நீங்க ஒரு தடவையாவது படிச்சுட்டு அனுப்புங்க மாமா, போடறேன்" என்பான் அவன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

தம்பி அன்று சாயங்காலமே வந்துவிட்டான். பையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீ யாருக்கும் பதில் போடாத. யார்கிட்டயும் சண்டைக்குப் போகாத. முறைப்படி போவோம். ஆனா இதை நான் தொடக்கூடாது. சொந்த அக்கா விஷயம். ஆபீஸ்ல சொல்லிட்டேன், என்கூட வேலை பாக்கறவங்க எடுத்துப்பாங்க. ரொம்ப நேர்மையான ஆளு."

"நேர்மையான ஆளுன்னா நல்லதுதானே," என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "ஏன் மாப்ள, ஒரு அபார்ட்மெண்ட்ல நாலு பேர் வேலையத்துப் பேசறான். அதுக்கு ஊரையே கூட்டணுமா? ரெண்டு நாள்ல அவனுங்களே வேற எதையாவது புடிச்சுக்கிட்டுப் போயிடுவானுங்க."

"பொய்யை அப்படியே விட்டா வளரும் மாமா."

"நீ தண்ணி ஊத்தாம இருந்தாலே போதும்."

தம்பி சிரித்தான். வெந்நீரில் கேன்சரைக் கரைப்பவர் பேச்சை யார் மதிப்பார்கள்? நானும் மதிக்கவில்லை.

தம்பியோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் மறுநாள் போன் பண்ணினாள். தன்மையான குரல். தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"படம் நீங்க எடுத்ததுதானே மேடம்?"

"ஆமா."

"எடிட் எதுவும் பண்ணலையே?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"அந்தப் பாட்டில்... இருமல் மருந்துப் பாட்டில்தானா?"

"பாட்டில் அதுதான். உள்ள இருந்தது சோப்புத் தண்ணி. பசங்க குமிழி ஊதறதுக்கு."

"அந்தப் பாட்டிலைக் குடுங்க மேடம், லேப்ல குடுத்து ரிசல்ட் வாங்கிடலாம். அப்புறம் யாரும் வாயே திறக்க முடியாது."

"குப்பையில போட்டாச்சே."

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"எப்போ போட்டீங்க மேடம்?"

"விஷயம் காதுக்கு வந்த அன்னைக்கே."

மறுபடியும் டைப் அடிக்கும் சத்தம். கொஞ்சம் அதிக நேரம் அடித்தாள். உதவிக்கு இருக்கும் அம்மா பதற்றத்தில் செய்துவிட்டாள் என்றேன். "புரியுது மேடம்" என்றாள். அவளுக்குப் புரிந்துதான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றப் பெற்றோர்களுக்கும் போன் போட்டிருக்கிறாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எதிலும் பெயர் வர வேண்டாம் என்றார்கள். நர்ஸ் மட்டும், தன் பையனிடம் எந்த மாற்றமும் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் வெளியிட்டார்கள். என் ஹால், என் பாய், என் பிள்ளைகள் வரிசையாகத் தூங்குகிறார்கள். முகங்களை மங்கலாக்கி இருந்தார்கள். குறுக்கே மஞ்சளில், கொட்டை எழுத்தில், 'பாதி உண்மை.'

கீழே நீளமாக எழுதியிருந்தது. படம் அசல்தான், மாற்றப்படவில்லை. படத்தில் இருப்பது இருமல் மருந்துப் பாட்டில்தான், அதைக் காப்பகம் நடத்துபவரே ஒப்புக்கொள்கிறார். பாட்டிலில் சோப்புத் தண்ணீர் இருந்ததாக அவர் சொல்வதைச் சோதிக்க முடியவில்லை, செய்தி பரவிய அன்றே பாட்டில் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது. குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் நிஜம். ஒரு வார்த்தையைக்கூட இது தப்பு என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஆனால் வரிகளை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? படம்தான் போயிற்று, மஞ்சளோடு. அதுவரை ஒரே ஒரு அபார்ட்மெண்டில் இருந்த சமாசாரம் பால் வாங்கும் இடத்துக்கு வந்தது, தையல் கடைக்கு வந்தது, என் வீட்டுக்காரரின் டிப்போவுக்கு வந்தது. டிப்போவில் ஒருவர் அவரிடமே காட்டி, "பாத்தீங்களாண்ணே, காலம் எப்படிக் கெட்டுக் கெடக்குது" என்றாராம். அது தன் வீடு என்று இவர் சொல்லவில்லை. டீகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

தம்பி வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் பாவமாக இருந்தது.

"எந்தப் பாதிடா?" என்று கேட்டேன்.

"அக்கா, முழுசா படிச்சியா? குடுத்ததுக்கு ஆதாரமே இல்லன்னு தெளிவா போட்டிருக்கு. அது உனக்குச் சாதகம்தான்."

"நான் படிச்சேன். வேற யாரு படிச்சா?"

"படிக்கறவங்களுக்காகத்தான் எழுதறோம்."

"அவங்கள்ல யாராவது எங்கிட்ட பிள்ளையை விட்டிருக்காங்களா?"

அவன் நிதானமாக, வகுப்பில் சொல்வது போலவே சொன்னான். "படம் நிஜம். பாட்டில் நிஜம். நாங்க சிவப்பு போட்டா, எவனாவது வந்து பாட்டில் நிஜம்தானேன்னு கேப்பான். அதுக்கப்புறம் நாங்க போடற எந்தச் சிவப்பையும் ஒருத்தனும் நம்பமாட்டான். உன்னோட விஷயத்துக்காக அதை வளைக்க முடியாதுக்கா."

"நீயா இருந்தா என்ன போட்டிருப்ப?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள்தானே கேட்டேன், யாரும் முத்திரை குத்தப் போவதில்லை. ஆனால் அவன் பொய் சொல்ல மாட்டான், அதுதான் அவனுடைய வியாதி.

"மஞ்சள்தான்க்கா."

கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டை எடுத்து வைத்தேன். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். தட்டைத் திரும்பக் கழுவி வைத்தேன்.

பிள்ளைகள் குறைந்தது ரொம்ப மரியாதையாக நடந்தது. ஒருத்திக்கு மாமியார் வந்துவிட்டார். ஒருத்திக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி குழந்தைக்குச் சளி என்றாள், அந்தச் சளி இன்றுவரை ஆறவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒரே ஒருத்திதான், நல்லவள், பேங்கில் வேலை பார்ப்பவள், மனதில் இருந்ததை வாய்விட்டுக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பாதி உண்மைன்னு போட்டிருக்காங்களே. பாதின்னா... பாதி டோஸ் குடுத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். அவள் பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவளும் வரவில்லை.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். ஊரில் எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. நம்பாததோடு நின்றிருக்கலாம். டிப்போவில் யாரையோ பிடித்து, ஏதோ ஆப்பில் ஒரு படம் தயார் செய்திருக்கிறார். பெரிய மேடை, பெரிய கோப்பை, பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கோப்பையை வாங்குகிறாள். தலை என்னுடையது. கழுத்துக்குக் கீழே யார் என்று தெரியாது. என்னைவிட ஒல்லி. 'நாட்டின் தலைசிறந்த குழந்தைகள் காப்பகம், விருது பெறும் நமது டீச்சர்' என்று மேலே எழுதி, தனக்குத் தெரிந்த அத்தனை குரூப்பிலும் தள்ளிவிட்டார்.

"ஏங்க, இதென்ன கூத்து? அந்தம்மா கையில பாருங்க, ஆறு விரல் இருக்கு," என்றேன்.

"எவன் விரல எண்ணறான்? பாட்டிலைத்தான பாக்கறான்," என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. இரண்டு அம்மாக்கள் அன்றைக்கே போன் பண்ணினார்கள். "விருதெல்லாம் வாங்கியிருக்கீங்க, சொல்லவே இல்லையே டீச்சர். நாங்க ஏதோ அவசரப்பட்டுட்டோம். திங்கக்கிழமை கொண்டாந்து விடட்டுமா?" நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கொண்டாங்க" என்று மட்டும் சொன்னேன். பெரியம்மா பாய்களை எடுத்து வெயிலில் போட்டாள்.

திங்கட்கிழமைக்கு முன்னாலேயே சிவப்பு வந்துவிட்டது. தம்பியின் அலுவலகம்தான். வாசகர்கள் கேட்டால் சோதிக்காமல் இருக்க முடியாதாம். என் தலைக்கும் அந்தப் பெண்ணின் கழுத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டி, ஆறாவது விரலுக்கு ஒரு வட்டம் போட்டு, குறுக்கே 'பொய்' என்று அடித்திருந்தார்கள். 'பாதி உண்மை' என்று முன்பு கண்டறியப்பட்ட அதே காப்பகம்தான் என்று கடைசியில் ஒரு வரி. படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பழைய படத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அவ மேல சேறு அள்ளி வீசினவனுக்குப் பாதி மார்க்கு. அவளைப் பாராட்டினவனுக்கு முட்டையா? என்ன கணக்கு மாப்ள இது?"

"மாமா, நீங்க போட்டது முழுப் பொய் மாமா."

"அவன் போட்டது?"

"அவன் போட்டதுல பாட்டில் இருந்துச்சு."

இவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு குடும்ப குரூப்பில் அவர் எதையும் அனுப்பவில்லை. வெந்நீரும் இல்லை, நிலாவும் இல்லை. அவர் அப்படிச் சும்மா இருப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது. தம்பி அப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துகொண்டுதான் இருந்தான். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். அவன் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் அவனிடம் பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது.

பெரியம்மாவை நானே நிறுத்தினேன். ஒரே ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் எதற்கு?

அந்த ஒரு பிள்ளை தொப்பையார். நர்ஸ் கடைசிவரை அசையவே இல்லை. "பேசறவங்க பேசட்டும் டீச்சர். நான் நர்ஸு. மருந்து குடுத்த குழந்தை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் காலில் விழலாம் போல இருக்கும். காப்பகத்தின் பலகையைக் கழற்றாமல் வைத்திருந்தது அவள் ஒருத்திக்காகத்தான். ஒரு பிள்ளை தினமும் வந்து போனால், பார்ப்பவர்கள் பார்ப்பார்கள், மெல்ல மெல்ல மற்றவர்களும் வருவார்கள் என்று ஒரு நப்பாசை. அவளும் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது.

பையனைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது அவள் புதிதாக ஒரு விளையாட்டு ஆரம்பித்திருந்தாள். செல்போன் டார்ச்சைப் போட்டு, "யாரு கண்ணு இது? பளிச் பளிச்!" என்று ஒரு கண்ணில் அடிப்பாள், அப்புறம் இன்னொரு கண்ணில். அவன் கெக்கெக்கே என்று சிரிப்பான். பிறகு முத்தம் கொடுப்பாள், வாய்க்குப் பக்கத்தில், மூச்சை இழுத்தபடி. நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பல நாள் நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் அவன் நன்றாகத் தூங்கி எழுந்த கையோடு அவள் வந்துவிட்டாள். அவன் கண்ணைத் திறக்காமல் சிணுங்கினான். அவள் விளையாட்டுப் பேச்சை மறந்துவிட்டாள். கட்டை விரலால் அவன் இமையைத் தூக்கி, டார்ச்சை அடித்து, கண்மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கம் தெளிந்ததா என்று பார்க்கிற பார்வை அது. அடுத்த கண். பிறகுதான் நான் அங்கே இருப்பது ஞாபகம் வந்து, "யாரு கண்ணு இது?" என்றாள்.

அவள் போன பிறகு ஹாலில் ஒற்றைப் பாயை மடித்தேன். மறுபடி விரித்தேன். மறுபடி மடித்தேன்.

மறுநாள் மத்தியானம் தொப்பையார் சாப்பிட்டு முடித்துக் கொட்டாவி விட்டான். தானாகவே பாயை இழுத்துப் போட்டு, அதில் குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டான். அப்படித்தான் அவன் தூங்குவான். நான் போய் அவனைத் தூக்கி நிறுத்தினேன்.

"இன்னைக்குத் தூங்க வேண்டாம்டா ராஜா. வா, விளையாடலாம்."

பந்து போட்டேன். இரண்டு முறை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது முறை பந்தையே கட்டிக்கொண்டு தரையில் சாய்ந்தான். எழுப்பினேன். திரைச்சீலைகளை எல்லாம் விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டேன். டிவியில் பாட்டு வைத்தேன். அவன் நின்றபடியே ஆடினான், ஆடியபடியே கண் சொருகினான். தோளைப் பிடித்து உலுக்கினேன். அழ ஆரம்பித்தான். "தூ... தூ..." என்றான். தூக்கத்துக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது. குளிர்ந்த தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்தேன். அவன் அலறினான். நான் மறுபடியும் அடித்தேன்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வெறுக்கத் தெரியாது. என்ன நடக்கிறது என்று புரியாமல்தான் பார்த்தான். பாயை விரித்துத் தட்டிக் கொடுப்பவளும் நான், பாயிலிருந்து பிடுங்குபவளும் நான். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. சாயங்காலம் வரை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவன் தலை என் தோளில் சாயும் ஒவ்வொரு முறையும் தோளைக் குலுக்கினேன்.

நர்ஸ் வந்தாள். டார்ச் அடித்தாள். சிவந்து வீங்கியிருந்தாலும் கண் அகலத் திறந்திருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எத்தனையோ நாளாக அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"இன்னைக்கு எவ்ளோ முழிப்பா இருக்கான் டீச்சர்!"

என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசியதை நான் செய்யவில்லை. ஒரு குழந்தையைத் தூங்கவிடாமல் மத்தியானம் முழுக்க வதைத்தேன். அதைப் பற்றி எந்த குரூப்பிலும் யாரும் எழுதவில்லை.

"நாளையிலேர்ந்து இவனைக் கொண்டாந்து விடாதீங்கம்மா," என்றேன்.

"ஏன் டீச்சர்? நான் ஏதாவது தப்பா..."

"இல்லம்மா. இன்னைக்கு நான் இவனைத் தூங்க விடல. மூஞ்சில தண்ணி அடிச்சு அடிச்சு எழுப்பினேன்."

"ஐயோ, ஏன்?"

"நீங்க பாக்கும்போது முழிச்சிருக்கணும்னுதான்."

அவள் கையில் இருந்த போனைப் பைக்குள் போட்டாள். அவனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினாள்.

கேட்டைத் தாண்டுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். கை கால் எல்லாம் தொங்கிப்போய், வாய் திறந்து, அடித்துப்போட்ட மாதிரி ஒரு தூக்கம். அவளுக்கு அந்தக் கனம் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று நின்றாள். அவன் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தாள். அவள் கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. எடுத்த பிறகு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அடிச்சுப் பாருங்கம்மா," என்றேன். "பரவால்ல, பாத்துக்கோங்க. வெறும் தூக்கம்தான்."

அவள் டார்ச்சை அடித்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை அப்போதுதான் வந்தது.